மாமியார் வீடு வெளிநாடு

மனைவி வெளிநாட்டில் இருக்கிறாள் என்பதை வரைவாளர் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்.

சனிக்கிழமை அவள் கோபித்துக்கொண்டு கிளம்பியபோது அது உள்நாடாகத்தான் இருந்தது. இரண்டு தெரு தள்ளி அவள் அம்மா வீடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். இப்போது மேசைமேல் விரித்த வரைபடத்தில், அந்த இரண்டு தெருவுக்கும் நடுவே எல்லைக் கமிஷன் நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டுக்குத் தெற்கே அவர் வீடு. வடக்கே மாமியார் வீடு.

நாடு ரொம்பப் பெரியது. ஒரு மூலையில் வெள்ளம் என்றால் மறு மூலைக்குப் போய் வறட்சிக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு வருவார் அமைச்சர். தெற்கத்தியான் சோம்பேறி என்றது வடக்கு. வடக்கத்தியானுக்குத் திமிர் என்றது தெற்கு. பிரிக்கலாமா கூடாதா என்று ஒரு தலைமுறையே கத்தி ஓய்ந்த பிறகு, சரி, பிரித்துத் தொலைப்போம் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை வரைபடம் அச்சுக்குப் போகிறது. நீலக் கோட்டின்மேல் மை போடுவது வரைவாளரின் வேலை. மை காய்ந்தால் சட்டம்.

சனிக்கிழமைச் சண்டைக்கும் இதுதான் காரணம். தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க. பிரியணுமா, சேர்ந்திருக்கணுமா?"

"எனக்கென்ன கருத்து? நான் கோடு போடறவன்."

"எனக்கும் உங்கம்மாவுக்கும் சண்டைன்னாலும் இதையேதான் சொல்றீங்க."

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது..."

"உங்களுக்குன்னு ஒரு பக்கமே கிடையாதா?"

வரைவாளர் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பெட்டி மூடப்பட்டுவிட்டது.

அவள் போவது புதிதல்ல. மாதம் தவறாமல் போவாள். கோபம் ஆறியதும் வருவாள். ஆனால் இதுவரை அதற்கு பாஸ்போர்ட் தேவைப்பட்டதில்லை. அவள் இல்லாத வீட்டில் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அதிகாரியிடம் வரைபடத்தோடு போனார்.

"சார், ஆத்தோடயே வர்ற கோடு, நம்ம ஊரு வந்ததும் எதுக்கு இப்படித் தெருவுக்குள்ள இறங்குது?"

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "ஊடுருவல்யா."

"என்னது?"

"கமிஷன் கருத்துக் கேட்புல, கோட்டுக்கு வடக்கே இருக்கற தெருவிலேர்ந்து வந்து அழுதிருக்காங்க. கேளு. 'தெற்கிலிருந்து நடக்கும் ஓயாத ஊடுருவலால் எங்கள் நிம்மதி பறிபோயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார்கள். எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு எங்களையே அதட்டுகிறார்கள். நடுவில் பலமான எல்லை வேண்டும்.' கமிஷன் நீதிபதிக்கே கண்ணு கலங்கிடுச்சாம்."

"சார், அந்தத் தெற்குலதான் நான் குடியிருக்கேன். அங்க யாரும் அப்படி..."

"ஊடுருவறவன் பாக்க உன்னை மாதிரிதான்யா இருப்பான். போய் மையைப் போடு."

வரைவாளர் மெல்லிய பேனாவை எடுத்தார். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அலுவலகத்தில் இருந்ததிலேயே தடித்த பேனாவை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தார். கோடு மாமியார் தெருவையும் விழுங்கியது, அவர் தெருவையும் விழுங்கியது. இப்போது மனைவி வெளிநாட்டில் இல்லை. இரண்டு பேரும் கோட்டுக்குள் இருந்தார்கள்.

மறுநாள் அதன் நகலை நகர அலுவலக வாசலில் ஒட்டினார்கள். முதலில் பார்த்தவர், வரைவாளரின் தெருமுனையில் கடை வைத்திருந்த சலூன்காரர்.

"நம்ம தெரு எங்கய்யா?"

"கோட்டுக்குள்ள இருக்கு," என்றார் ஒட்டியவர்.

"அப்ப நாம வடக்கா, தெற்கா?"

"ரெண்டும் இல்ல போல."

சலூன்காரர் பாதி சவரத்தில் ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு ஒளி பரவியது. "அப்ப நமக்கு வரி போட எவனுக்கும் உரிமை இல்ல!"

மதியத்துக்குள் கோட்டு நாடு பிறந்துவிட்டது. சலூன்காரர் அதன் அதிபர். 'வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், தடிமனே போதும்' என்று ஊர்வலம் போனது. எதிர்க்கடைத் தையல்காரர் வெள்ளைத் துணியில் ஒரு கறுப்புப் பட்டை வைத்துக் கொடி தைத்தார். தைத்து முடித்ததும், சலூன்காரருக்குக் கீழே தன்னால் குப்பை கொட்ட முடியாது என்றும், தடிமனின் மேல் பாதியைத் தனி நாடாக அறிவிக்க வேண்டும் என்றும் அதே கொடியை ஆட்டிக் கேட்டார். பாதி சவரக்காரர் மட்டும் தன் நாடு எது என்று தெரியாமல் ஒரு கன்னத்தோடு அலைந்துகொண்டிருந்தார்.

அதிகாரி வரைவாளரைக் கூப்பிட்டார். "ரெண்டா பிரிக்கச் சொன்னா நாலா பிரிச்சு வெச்சிருக்க. யாருய்யா உன்னை இவ்வளவு தடிமனா போடச் சொன்னது?"

"பேனா கசிஞ்சிடுச்சு சார்."

"கசிஞ்ச மையிலேர்ந்து ஒருத்தன் அதிபராயிட்டான்யா! நடுவுல மெல்லிசா ஒண்ணைப் போட்டுட்டு மிச்சத்தைச் சுரண்டு."

வரைவாளர் தடித்த கோட்டின் நடுவை அளந்தார். தன் வீட்டையும் விழுங்கவேண்டுமென்று தெற்குப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தியிருந்தார். அதனால் நடு, மிகச் சரியாக, அவர் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே போயிற்று.

இதுவும் நல்லதுதானோ என்று ஒரு கணம் நினைத்தார். சமையலறையில் நின்றால் மனைவியோடு ஒரே நாடு. கூடத்துக்கு வந்தால் அம்மாவோடு ஒரே நாடு. அவர் குணத்துக்கு ஏற்ற ஏற்பாடு. சாயங்காலம் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏண்டா, அப்ப அடுப்பு அவ நாட்டுல இருக்கா?"

"ஆமாம்மா."

"டீ போடணும்னா?"

"அனுமதி வாங்கணும்."

"யார்கிட்ட? அவகிட்டயா?" அம்மா எழுந்து நின்றாள். "இத்தனை வருஷம் சண்டை போட்டு நான் விட்டுக்கொடுக்காத அடுப்படிய, ஒரு பேனாவால எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கியே, நீ என் வயித்துலதான் பொறந்தியா?"

அன்றிரவு அவள் சமையலறை வாசற்படியிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். நாட்டின் முதல் எல்லைக் காவல் அதுதான்.

வியாழக்கிழமை காலை வரைவாளர் அதிகாரியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். இதற்குமுன் அப்படிச் செய்ததில்லை.

"சார், கோட்டை ஆத்துக்கே கொண்டுபோயிடலாம். ரெண்டு தெருவும் மொத்தமா தெற்குல விழுந்திடும். சலூன்காரர் கத்தினாலும் அது உள்நாட்டுக் கத்தல். யாருக்கும் கேக்காது."

அதிகாரி நிமிர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தையல்காரரின் படையும் சலூன்காரரின் படையும் ஒரே கொடியை இரு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊடுருவல்? கமிஷன் கேட்டா?"

"ஊடுருவலே கிடையாது சார்!"

அவர் குரல் உயர்ந்ததில் மேசைமேலிருந்த அளவுகோல் அதிர்ந்தது. அவரும் அதிர்ந்தார். ஆனால் நிறுத்த முடியவில்லை.

"பொறந்ததிலேர்ந்து அந்தத் தெருவுல இருக்கேன். எங்க பக்கத்திலேர்ந்து அங்க போய் ஒருத்தரும் தொல்லை கொடுத்ததில்ல. எவனோ ஒரு புளுகன், வாய்க்கு வந்ததைச் சொல்லிக் குடும்பங்களைப் பிரிக்கப் பாக்கறான். அவன் மட்டும் கையில கிடைச்சான்னா, இந்தப் பேனாவாலயே குத்துவேன்!"

அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். "உனக்குக் கருத்தெல்லாம் இருக்காய்யா?"

"இப்பத்தான் சார் வந்தது."

களைத்துப்போயிருந்த கமிஷன் உடனே ஒப்புக்கொண்டது. இரண்டு அதிபர்களும் ஒரே நாளில் மறுபடி கடைக்காரர்கள் ஆனார்கள். பாதி சவரக்காரருக்கு மறு கன்னமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை, கோடு ஆற்றின் நடுவே யாரையும் தொடாமல் போக, வரைபடம் அச்சேறியது.

ஈரம் காயாத முதல் பிரதியைச் சுருட்டிக்கொண்டு வரைவாளர் மாமியார் வீட்டுக்கு நடந்தார். நடந்தார் என்ன, ஓடினார்.

மாமனார்தான் கதவைத் திறந்தார். உள்ளே மாமியாரின் கை பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டது. மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வரைவாளர் தரையிலேயே வரைபடத்தை விரித்தார்.

"இங்க பாரு. கோடு நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல போச்சு. நான் தூக்கி ஆத்துல போட்டுட்டேன்."

அவள் குனிந்து பார்த்தாள். "கமிஷன் போட்ட கோட்டையா?"

"ஆமா. அதிகாரிகிட்ட சண்டை போட்டேன். கத்தினேன்."

"நீங்களா?"

"நானேதான். எனக்கும் ஒரு பக்கம் இருக்கு. நீ இருக்கற பக்கம்."

அவள் வரைபடத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். பிறகு உள்ளே போனாள். பெட்டியோடு வந்தாள்.

"வரேம்மா," என்றாள் சமையலறையைப் பார்த்து. "இனிமே எல்லை கில்லைன்னு பயம் இல்ல. நினைச்சா நினைச்ச நேரத்துல வந்துட்டுப் போகலாம்."

உள்ளே ஏதோ பெரிய பாத்திரம் கீழே விழுந்தது. உருண்டு, சுழன்று, ரொம்ப நேரம் கழித்துத்தான் அடங்கியது.

வரைவாளர் பெருமையோடு படியிறங்கினார். மாமனார் பின்னாலேயே வந்து அவர் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"காரியத்தையே கெடுத்துட்டீங்களே மாப்பிள்ளை. 'தெற்கிலேர்ந்து ஓயாத ஊடுருவல்'னு கமிஷன் முன்னாடி உங்க மாமியார் தேம்பித் தேம்பி அழுதது யாரைப் பத்தின்னு நினைச்சீங்க? பெட்டியோட நிக்கிறாளே, இவளைத்தான்!"