குப்பிக்குள் பதினோரு அரிசி

முழு முட்டாளால் பெரிய நாசம் வராது. அவன் கையில் யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். பாதி தெரிந்தவன்தான் ஆபத்து. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். உலகத்தில் எல்லாவற்றிலும் எனக்குப் பாதி தெரியும்.

விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குச் சாரம் கட்டினேன். அதிலிருந்து விழுந்து இரண்டு விலா எலும்பு முறிந்தது. இனிக் கனம் தூக்க முடியாது என்றானதும், தெரிந்தவர் ஒருவர் திருவனந்தபுரத்தில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவச் சேர்த்துவிட்டார். (குப்பி கனமில்லை. அப்படித்தான் நினைத்தேன்.)

அங்கே பிரிஸில்லா ஆராய்ச்சி மாணவி. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். துத்தநாக உப்பையும் தானே தயாரித்த ஓர் அமிலத்தையும் கலந்து, எஃகுக் குடுவையில் இறுக்கி அடைத்து, நாள் கணக்கில் சூடாக்குவாள். கழுவி உலர்த்தினால் கடைசியில் மிஞ்சுவது ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி.

"இதென்ன மேடம், சுண்ணாம்பா?"

"சாரமாக்கும் அண்ணே! நீங்க கட்டுனதுதான். உலோகம் கிளாம்ப்பு, அமிலம் பைப்பு. நடுவுல முழுக்க காலி ரூமு. ஒரு ஸ்பூன் பொடியோட உள்சுவரை விரிச்சா ஒரு கிரவுண்டே மூடும்."

"அந்த ரூம்ல யாரு குடியிருப்பா?"

"வாயு. கரியமில வாயுவைப் பிடிக்கலாம், வண்டிக்கு கேஸ் அடைக்கலாம். சில ஜாதிப் பொடி காத்துலேர்ந்து குடிதண்ணியே எடுக்கும். ஆனா என் பொடிக்குத் தண்ணிதான் எமன். ஈரம் பட்டா கிளாம்ப்பு கழண்டுரும்."

சாரம் சரிவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விலாவைத் தடவிக்கொண்டேன்.

அந்த ஜூன் மாதம் அவளிடம் இருந்தது ஒரே ஒரு குப்பிப் பொடி. அமிலம் தயாரிக்க ஐந்து மாதம் பிடித்திருந்தது, மீதி இல்லை. உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. பொடி எவ்வளவு வாயு பிடிக்கும் என்று அளக்கும் இயந்திரம் வேறொரு ஊரில். திங்கட்கிழமை அவள் முறை. அந்த அளவு வந்தால்தான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம்.

சனிக்கிழமை காலை அவள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடியவள் வாசலில் நின்றாள்.

"அண்ணே, குப்பி கண்ணாடிச் சாடிக்குள்ள இருக்கு. அடியில கிடக்கிற நீல மணி ரோஸ் ஆச்சுன்னா ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். மணியை ஓவன்ல வச்சா திரும்ப நீலமாவும். குப்பியைத் திறக்கப்பிடாது, கேட்டியளா?"

கேட்டேன். மத்தியானம் மரம் விழுந்து மின்சாரம் போனது. மழையோ கொட்டுகிறது. ஞாயிறு காலை மணிகள் ரோஜாத் தோட்டம்போல் ஆகிவிட்டன. ஓவன் செத்துக் கிடக்கிறது. அவளுக்குப் போன் போட்டால் அணைத்திருக்கிறது.

அப்போதுதான் என் பாதி அறிவு விழித்துக்கொண்டது. மழைக்காலத்தில் உப்பு கசியாமலிருக்க வீட்டில் என்ன செய்வோம்? அரிசி போடுவோம். உப்புச் சாடிக்குப் பக்கத்திலா போடுவோம்? உள்ளேதான். குப்பியைத் திறக்காதே என்றவள் அரிசி போடாதே என்று சொல்லவில்லையே! கேன்டீனில் கேட்டு வாங்கிய சிவப்பரிசியில் பதினோரு மணிகளைப் பொறுக்கி, குப்பியைத் திறந்து போட்டு, மூடினேன். (பதினொன்று, ராசியான எண்.) பெருமையில் இரண்டு டீ குடித்தேன்.

சாயங்காலம் மின்சாரமும் வந்தது, பிரிஸில்லாவும் வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என்னவாக்கும்?"

"அரிசி மேடம். உப்புக்குப் போடுவோம்லா."

அவள் கத்தவில்லை. பொடியில் கொஞ்சம் எடுத்து, உள்ளே சாரம் நிற்கிறதா என்று காட்டும் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்தாள். முன்பு பொன்முடி மலைபோல் எழும்பிய கோடுகள் திரையில் கடற்கரை மணல்போல் படுத்துக் கிடந்தன. பொடி மட்டும் அதே வெள்ளை. விழுந்ததே தெரியாத சாரம்.

"உப்பைவிட அரிசிக்குத் தாகம் கூடுதல், அதனால உப்புக்குச் சரி," என்றாள் மெதுவாக. "இதுக்குத் தாகம் அரிசியைவிடக் கூடுதல் அண்ணே. அரிசிக்குள்ள கிடந்த தண்ணியையும் குடிச்சாச்சு."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் பாதிதான் தெரிந்தது.

என் வேலை மறுநாளே போனது, அது நியாயம். அவளுக்கு நேர்ந்தது நியாயமில்லை. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே இன்னும் மூன்று வருடம் இழுத்து, அந்த அத்தியாயம் இல்லாத மெலிந்த ஆய்வேட்டைக் கொடுத்தாள். கொடுத்த அன்று போன் செய்தாள்.

"அண்ணே, உங்களுக்கும் ஒரு வரி எழுதியிருந்தேன். 'ஈரத்தால் மாதிரிப் பொடி சிதைந்தது, காரணம், அரிசி.' கைடு சார் அரிசியை மட்டும் வெட்டிட்டாரு."

ஒரு புத்தகத்தில் நான் இடம்பெற இருந்த ஒரே வாய்ப்பு அது.

இதை ஒருநாள் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றோடு அவள் உப்பில் அரிசி போடுவதை நிறுத்திவிட்டாள். இன்றும் மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு கூழாகக் கிடக்கிறது. சோற்றில் நான் அதைக் கரண்டியால் வழிக்கும்போதெல்லாம் மகள் அம்மாவைப் பார்த்துக் கேட்பாள்:

"அம்மா, நாலு அரிசி போடட்டா? இல்ல, அப்பா பாத்துக்கிடுவாரா?"

நான் ஈர உப்பைப் பிசைந்து சாப்பிடுகிறேன்.