சுகுமாறன் கட்டிய கட்டு

"விரலெல்லாம் மரத்துப் போச்சுங்க" என்றாள் குமுதா.

"மரத்துப் போனா நல்லா இறுக்கமா இருக்குன்னு அர்த்தம்" என்றார் சுகுமாறன், அவள் காலடியில் மண்டியிட்டபடி.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் அவர் பேக்கிங் மேற்பார்வையாளர். அவர் கட்டி அனுப்பிய பெட்டி எதுவும் இதுவரை வழியில் அவிழ்ந்ததில்லை. அதே பெருமையோடுதான் மனைவியின் ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டையும் கட்டியிருந்தார். விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை ஒவ்வொரு துளையிலும் லேஸை மூச்சுப் பிடித்து இழுத்து, மேலே ஒரு முடிச்சு, அதன் மேல் காவலுக்கு இன்னொரு முடிச்சு. குமுதா மட்டும் பெட்டியாக இருந்திருந்தால் பினாங்கு வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

"ரத்தம் ஓட வேணாமா? கொஞ்சம் தளர்த்துங்களேன்."

"தளர்த்துறேன் லா. ஏன் பதற்றப்படுற?"

பதற்றப்படக் காரணம் இருந்தது. இன்று குமுதாவின் அணிக்கு முதல் போட்டி. முதல் ஆட்டக்காரர்களில் அவள் பெயரும் இருந்தது. விசில் ஊதும்போது யார் பனியில் நிற்கவில்லையோ அவர்கள் கடைசிவரை பெஞ்சில்தான் என்று கோச் கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஐம்பது வயதில் இந்த ஐஸ் ஹாக்கி வந்த கதை வேறு. போன வருடம் குமுதாவுக்கு உடம்பில் சூடு ஏற ஆரம்பித்தது. காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் காதுவரை எரியும். இளநீர், வெந்தயம், கற்றாழை எதற்கும் அது மசியவில்லை. பல் கிளினிக்கில் அவளோடு வேலை பார்க்கும் மலர்தான், "வாங்க ஆன்டி, குளிர்ச்சியா ஒரு இடம் காட்டுறேன்" என்று இந்த மாலுக்குள் இருக்கும் பனித்தளத்துக்கு அழைத்து வந்தாள்.

வந்தவள் வந்தவள்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிள்ளான் வீட்டில் சுகுமாறனும் ஆறிப்போன தேநீரும் மட்டுமே மிஞ்சினார்கள். மதியம் குமுதா சில்லிட்ட கன்னங்களோடு, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவள் போலத் திரும்பி வருவாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே அரைக் கண்ணில் எங்கோ மிதப்பாள்.

"அங்க என்னதான் இருக்கு?" என்று கேட்டால், "சும்மா, வெள்ளையா இருக்குங்க" என்பாள்.

அந்த வெள்ளைக்குள் தனக்கும் ஓர் ஓரத்தில் இடம் வேண்டும் என்று சுகுமாறனுக்கு ஏக்கம் பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி முப்பது வருடம் கழித்து, பக்கத்திலேயே படுத்திருக்கும் மனைவிக்காக ஏங்குவது அவருக்கே வெட்கமாக இருந்தது. வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. பதிலாக, ஒரு வாரம் கைப்பேசியில் வீடியோ பார்த்து, சாப்பாட்டு நாற்காலியின் நான்கு கால்களுக்கும் கயிறு கட்டிப் பழகி, "ஞாயித்துக்கிழமை நானும் வரேன். லேஸ் நான்தான் கட்டுவேன்" என்று அறிவித்துவிட்டார்.

குமுதா அவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

காலையில் காரில் வரும்போது அவருக்கு வாய் ஓயவில்லை. நண்பர் யுகேந்திரன் வாங்கிய புதுக் காருக்குக் குறை சொன்னார். ஃபெடரல் ஹைவே நெரிசலைத் திட்டினார். தம்பி மனைவி அமுதவள்ளி, ஜிம்முக்குப் போகிறேன் என்று மெட்டியைக் கழற்றி வைத்த கதையைச் சொல்லிச் சிரித்தார். "புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கான், இவ கழட்டி டிராயர்ல போட்டிருக்கா! அப்புறம் காப்பார் கோயில் திருவிழாவுக்கு லீவ் கிடைக்குமான்னு தெரியலை..." குமுதா ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள்.

இப்போது சுகுமாறன் முடிச்சுகளைப் பிரித்து எல்லாவற்றையும் தளர்த்தினார். தளர்த்துவதிலும் அவருக்கு அளவு தெரியாது. எழுந்து நின்ற குமுதாவின் கணுக்கால் இரண்டும் இரண்டு பக்கம் சாய்ந்தன. பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்திருக்காவிட்டால் அவர் தலைமேலேயே உட்கார்ந்திருப்பாள்.

"அலமாக்! உட்காரு, உட்காரு. இப்பதான் நிஜமான முறை. குதிகாலைப் பின்னால தட்டி உட்கார வெக்கணும். விரல் பக்கம் லேசா. நடுவுல கெட்டியா. மேல ஒரு துளையை விட்டுடணும், முட்டி முன்னால மடங்கணும்ல."

"தெரி..." என்று ஆரம்பித்த குமுதா, "சொல்லுங்க" என்று முடித்தாள்.

அவர் அவள் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தித் தரையில் மெல்லத் தட்டினார். தளத்திலிருந்து எழுந்த குளிர்புகை தடுப்பைத் தாண்டி அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. யாரோ தூரத்தில் மட்டையை உரசும் ஓசை தண்ணீருக்கடியிலிருந்து கேட்பது போலிருந்தது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் தார் உருகும் வெயில் என்பதே மறந்துவிட்டது. மேடையில் அம்மி மிதிக்க வைத்த நாளுக்குப் பிறகு இன்றுதான் இவள் காலைப் பிடிக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. அன்று மைத்துனர்கள் கேலி செய்தார்கள். இன்று கேலி செய்ய யாருமில்லை. அப்படியே சாயங்காலம்வரை பிடித்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

"எப்படி இருக்கு?"

குமுதா நின்றாள். கணுக்கால் அசையவில்லை. முட்டி அழகாக மடங்கியது. ஓர் அடி வைத்தவள், "ஸ்ஸ்" என்று உதட்டைக் கடித்தாள்.

"இன்னுமா? எங்க?"

"விரல்கிட்டங்க. பரவாயில்லை."

"எப்படி வலிக்கும்? வீடியோல சொன்ன மாதிரியே கட்டியிருக்கேன். சாக்ஸைக் கழட்டு, பார்த்துடலாம்."

"ஐயோ, வேணாங்க!" அவள் காலை வெடுக்கென்று பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டாள். "நாலு பேர் பார்க்கிறாங்க."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோளாறு நடுப்பகுதியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். இடது லேஸ் பட்டென்று அறுந்து பாதி அவர் கையோடு வந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். கோச் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்துபோனாள்.

குமுதா தன் பையைத் திறந்தாள். சீப்பு, துண்டு, வெள்ளிக் குங்குமச் சிமிழ் எல்லாம் தெரிந்தன. இங்கேயும் குங்குமமா என்று அவர் மனம் நெகிழ்ந்தது. நெகிழ்ந்த வேகத்தில், அவள் வாயைத் திறப்பதற்குள், இன்றைக்கென்றே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய டிராக் பேன்ட்டின் இடுப்புக் கயிற்றை உருவி எடுத்துவிட்டார்.

"ஏங்க!"

"பேசாம இரு. உனக்காக இது கூடச் செய்யமாட்டேனா?"

பேன்ட் அவர் இடுப்புக்கு இரண்டு அளவு பெரியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையாலும் பல்லாலும் கயிற்றைத் துளைகளில் கோத்து முடித்தபோது அவருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. குமுதா எழுந்தாள். ஓர் அடி. மறுபடியும் "ஸ்ஸ்".

அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் வந்திருக்கவே கூடாது குமுதா. நீ பாட்டுக்கு நல்லாத்தான் இருந்த. கெடுத்துட்டேன்."

அவள் அவர் நெற்றி வியர்வையைத் தன் துண்டால் துடைத்தாள். "நீங்க ஒண்ணும் கெடுக்கலை. நான் ஒரு நடை டாய்லெட் போயிட்டு வந்துடறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு, ரப்பர் விரிப்பின் மேல் நொண்டி நொண்டிப் போனாள். மலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுகுமாறன் தடுப்போரம் நின்று கண்ணை மூடி முருகனை நெடுநேரம் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள் விசில் ஒலித்தது.

கண்ணைத் திறந்தபோது குமுதா பனியில் இருந்தாள்.

நொண்டவில்லை. நடக்கவே இல்லை. உடம்பைக் கொஞ்சம் சாய்த்தாள், பனி அவளைத் தானே ஏந்திக்கொண்டு போனது. குளிர்புகைக்குள் போய் மறைந்து, இன்னொரு பக்கம் வெளியே வந்தாள். எதிரணிக்காரியிடமிருந்து கறுப்பு வட்டைத் தட்டிப் பறித்து, திரும்பிப் பார்க்காமலே கூட்டாளிக்குத் தள்ளிவிட்டாள். மளிகைச் சாமான் தூக்கினாலே மூச்சு வாங்கும் குமுதாவா இது? யாரோ காணும் கனவுக்குள் எட்டிப் பார்ப்பது போல அவர் வாய் பிளந்து நின்றார். இரண்டு கையாலும் கைதட்டினார். பேன்ட் முட்டிக்கு வந்த பிறகுதான் சுயநினைவும் வந்தது.

அவசரமாக மேலே இழுத்துக்கொண்டு, மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சில் இருந்த மலரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பார்த்தியாம்மா ஆன்டியை? எல்லாம் கட்டுற விதத்துல இருக்கு. அந்தக் கயிறு மட்டும் இல்லேன்னா இன்னைக்கு அவ பெஞ்சுதான்."

"அட, மறந்தே போனேன். இந்தாங்க அங்கிள், உங்க கயிறு. ஆன்டி கொடுக்கச் சொன்னாங்க." மலர் அதைச் சுருட்டி அவர் கையில் வைத்தாள். கூடவே வெள்ளிச் சிமிழையும் வைத்தாள். உள்ளே ஏதோ கிணுகிணுத்தது. "ஆன்டி பையில எப்பவும் வேற லேஸ் இருக்கும். எங்க எல்லாருக்கும் கட்டக் கத்துக் கொடுத்ததே அவங்கதானே! ஆனா ஒண்ணுதான் அங்கிள் எனக்குப் புரியலை. எல்லா வாரமும் இதே பெஞ்சுல உட்கார்ந்து மெட்டியைக் கழட்டி இந்தச் சிமிழ்ல போட்டுட்டுத்தான் ஸ்கேட்டையே தொடுவாங்க, இன்னைக்கு மட்டும் ஏன் டாய்லெட்ல போய் ஒளிஞ்சு கழட்டினாங்க?"