காய்ச்சல் பாப்பாவுக்கு, கட்டு எனக்கு

படித்த பையனுக்குத் தைரியமெல்லாம் வாயில்தான் இருக்கும். (நம்பாதவங்க என் அக்காவுக்கு ஒரு போன் போடுங்க, ஸ்பீக்கர்ல போட்டே சொல்லுவா.)

மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வேலை என்னைத் தேடி வரும் என்று காரமடையில் அக்கா வீட்டில் படுத்துக் கிடந்த காலம். வீட்டை ஒட்டியே மச்சானின் லேத் பட்டறை. அக்கா மகள் யாழினிக்கு அப்போது இரண்டு வயது. அன்று அவளுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்து என் நெஞ்சில் படுக்க வைத்த அக்கா, சாரல் விழுகிறதென்று துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள்.

ஜன்னலில் மலைக்காற்று. லேத் ஓடும் சத்தம் எங்கோ தூரத்துத் தாலாட்டு மாதிரி. நெஞ்சின் மேல் ஒரு குட்டி வெந்நீர்ப் பை மூச்சு விடுகிறது. எனக்கும் கண் சொருகி, மேகத்தில் மிதக்கிறேன். திடீரென்று அந்த மேகம் விறைத்தது.

கண்ணைத் திறந்தால், பாப்பாவின் விழிகள் மேலே போயிருந்தன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கூப்பிட்டால் பதில் இல்லை. போய்விடுவாள் என்றே நினைத்தேன். அக்காவைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே பாயில் கிடத்தினேன். அதுவரை சரி.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கணுமே! ஊரே சாவிக்கொத்துதான் கொடுக்கும். நான் இன்ஜினியர் ஆச்சே, பட்டறைக் கதவோரம் சாத்தியிருந்த பைப் ரெஞ்சைத் தூக்கிவிட்டேன். (சாவிக்கே பலன் உண்டுன்னா இதுக்கு எவ்ளோ இருக்கும்!) கிட்டத்தட்ட பாப்பா உயரம். அதன் பிடியை அவளுடைய பிஞ்சு விரல்களுக்குள் திணிக்கக் குனிந்தபோது அக்கா வந்துவிட்டாள்.

"தம்பி, நகரு."

துணியெல்லாம் தரையில் விழ, பாப்பாவை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். எச்சில் வெளியே வழிந்தது. கவுனைத் தளர்த்தினாள். நான் தண்ணீர் என்று ஏதோ உளறினேன்.

"வாயில எதையும் ஊத்தாத. கையக் காலப் புடிச்சு அமுக்காத. நீ கடியாரத்த மட்டும் பாரு. அஞ்சு நிமிசம் தாண்டுச்சுன்னா ஆம்புலன்சக் கூப்புடு."

போன வருடமும் இப்படி வந்ததாம். டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அக்கா அப்போதே என்னிடமும் சொன்னாளாம். (நான் மொபைல்ல இருந்திருப்பேன்.)

கடிகாரத்தைப் பார்த்தேன். எண்களெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தன.

"அக்கா, முள்ளு நகர மாட்டீங்குது."

"நகருது. நீ மூச்சு உடு."

பெரிய முள் ஓர் எண்ணைத் தாண்டுவதற்குள் இழுப்பு நின்றது. பாப்பா ஒரு பெருமூச்சு விட்டுத் துவண்டாள். அந்த நிம்மதியில் என் கையும் துவண்டது. ரெஞ்ச் இன்னும் அதில்தான் இருந்தது என்பது, அது என் கால் கட்டை விரலில் இறங்கியபோதுதான் தெரிந்தது.

பட்டறையில் லேத் நின்றது. என் அலறல் அப்படி. பாப்பா மெல்லக் கண் திறந்து, "மாமா?" என்றாள். அதுவரை கல் மாதிரி இருந்த அக்கா அப்போதுதான் அழுதாள்.

மச்சான் வண்டியில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காய்ச்சலுக்குக் காரணம் என்னவென்று பாப்பாவைச் சோதித்த டாக்டர், சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் இந்த மாதிரி வலிப்பு வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும் என்றார். பிறகு ஒற்றைக் காலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இவருக்கு என்னாச்சுங்க?"

"இவன் வைத்தியம் பாத்தானுங்க" என்றாள் அக்கா.

அக்கா வீட்டு ஹாலுக்குள் அவளுடைய மாமனாரே வந்தாலும் செருப்பை வாசலில்தான் விடணும். பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில் மட்டும், எனக்கு ஷூவோடு உள்ளே வர அனுமதி உண்டு.