கேமிங் கம்ப்யூட்டர் கொள்முதல் குழு

கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளரின் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணியளவில், கேம் விளையாடத் தனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று தந்தையிடம் வாய்மொழியாகத் தெரிவித்தாள். வாய்மொழிக் கோரிக்கைகளைப் பரிசீலிக்க விதிகளில் இடமில்லை. ஆகவே அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெண் விவரமானவள். உள்ளே போய் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் இட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் அறுபதாயிரத்துக்குள் எது கேட்டாலும் வாங்கித் தருவதாக அவர் போன வருஷம் வாயை விட்டிருந்தார். மார்க் வந்துவிட்டது. அவளும் மூன்று தோழிகளும் அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் விளையாடும் ஓர் அணி. இத்தனை நாள் பக்கத்து வீட்டு அண்ணனின் கம்ப்யூட்டரில்தான் அவள் விளையாடி வந்தாள். அவன் ஹாஸ்டலுக்குப் போகும்போது அதையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் இருபதாம் தேதி போட்டி. அதற்குள் சொந்தமாக ஒன்று கிடைக்காவிட்டால் அணியில் அவள் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நான்கு மாதம் கடை கடையாக விலை கேட்டு, எது எதோடு சேரும் என்று பார்த்துப் பார்த்து, எட்டு பாகங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அவள் தயார் செய்திருந்தாள்.

கண்காணிப்பாளர் பட்டியலின் கடைசி வரியிலிருந்த மொத்தத் தொகையை மட்டும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"யார் இதெல்லாம் தேர்வு பண்ணினது?"

"நான்தான்பா."

"நீ மட்டுமா?"

"ஆமா."

"தனி ஆள் முடிவு பண்ணினா அது முறைகேடு. மூணு பேர் சேர்ந்து பண்ணினாத்தான் கொள்முதல்."

அன்று மாலையே குழு அமைக்கப்பட்டது. தலைவர் அவரே. நிதி உறுப்பினர் அவர் மனைவி. தொழில்நுட்ப வல்லுநர் மனைவியின் தம்பி. மச்சினனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள், அவன் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் போனில் வீடியோ பார்ப்பவன் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மகளுக்குக் குழுவில் இடமில்லை. பயன்படுத்தப் போகிறவளையே உட்கார வைத்தால் பாரபட்சம் வந்துவிடும். அவள் சமையலறை வாசலில் நின்று, கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்டாள்.

நிதி உறுப்பினர் முதலில் கை வைத்தது கிராஃபிக்ஸ் கார்டில். பட்டியலிலேயே விலை கூடியது அதுதான்.

"இது என்னடி பண்ணும்?"

"படம் காட்டும்மா."

"சரி. மானிட்டர்னு ஒண்ணு போட்டிருக்கியே, அது?"

"அதுவும் படம் காட்டும்."

நிதி உறுப்பினர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே வேலைக்கு இரண்டு பொருள்! வேறு யார் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"அம்மா, கார்டு வரையும். மானிட்டர் காட்டும்."

"வரையறதுக்கு இவ்வளவா? நீ மூணு வருஷம் டிராயிங் கிளாஸ் போனதுக்குக்கூட இதுல பாதிதான் ஆச்சு."

கார்டு நீக்கப்பட்டது. நீக்கியதில் ஏகப்பட்ட தொகை மிச்சமாகவே, அதை எப்படிச் செலவழிப்பது என்ற கவலை குழுவைப் பிடித்துக்கொண்டது. மச்சினன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டான்.

"அத்தான், இப்ப லைட் இல்லாத கம்ப்யூட்டரை எவனும் மதிக்கிறதில்ல. கண்ணாடிப் பெட்டி, ஆறு ஃபேன், ஆறுலயும் லைட். மெமரியிலயும் லைட். அப்புறம் உள்ள தண்ணி ஓடும்."

"தண்ணியா? கரன்ட்லயா?" என்று அக்கா அலறினாள்.

"சூட்டைத் தணிக்கக்கா."

"மாமா, சூடாகிறதே அந்தக் கார்டுதான். அதைத்தான் எடுத்துட்டீங்களே" என்றாள் மகள் வாசலிலிருந்து.

"உன்னைக் கேட்டாங்களா?" என்றார் தலைவர். தண்ணீர் ஒருமனதாக நிறைவேறியது.

விதிப்படி ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று கடைகளில் விலை கேட்டு, எங்கே குறைவோ அங்கே வாங்கப்பட்டது. ப்ராசஸர் ஒரு கடை, அதைப் பொருத்தவேண்டிய மதர்போர்டு இன்னொரு கடை. பொருத்தித் தரச் சம்மதித்த மூன்றாவது கடைக்காரர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருதிருவென்று விழித்தார்.

"சார், இது அதுல உட்காராது."

"ரெண்டும் இருக்கிறதுலயே குறைஞ்ச விலை."

"இருக்கட்டும் சார். உட்காராதே."

"உட்காரணும்னு விலை கேட்ட கடிதத்துல நாங்க எழுதலையே" என்றார் கண்காணிப்பாளர். இந்த வாதத்தை அலுவலகத்தில் இதுவரை எவரும் மறுத்ததில்லை.

மதர்போர்டை மாற்றி வாங்கத் திருத்த ஆணை போட்டு, குழு கூடி, நிதி உறுப்பினர் பிறந்தகம் போய்த் திரும்பிய பிறகு கையெழுத்தாகி, பதினேழாம் தேதி மாலை கம்ப்யூட்டர் கூடத்தில் நிறுவப்பட்டது. பொத்தானை அமுக்கியதும் சிவப்பு, பச்சை, ஊதா என்று வீடே ஜொலித்தது. அக்கம்பக்கம் திரண்டு வந்து வாயைப் பிளந்தது. மாடி வீட்டுக்காரர் கடை விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார். மச்சினனுக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் போன பிறகு மகள் கேமைத் திறந்தாள். திரையில் ஓடவேண்டிய வீராங்கனை ஒரு காலைத் தூக்கினாள். சற்றுப் பொறுத்து அடுத்த காலைத் தூக்கினாள். அதற்குள் எதிரி சுட்டுவிட்டுப் போயும்விட்டான். மகள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அவள் கத்தியிருந்தால் கண்காணிப்பாளர் பதில் குறிப்பு எழுதியிருப்பார். அழுகைக்கு எந்தப் படிவமும் அவரிடம் இல்லை. அவளுடைய பழைய பட்டியலை எடுத்துவைத்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பட்டியலை முதல் வரியிலிருந்து படித்தார். மூன்றாவது வரியில் அந்தக் கார்டின் பெயரும் எண்ணும் இருந்தன. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தது என்ன, கையெழுத்தே போட்டிருக்கிறார். போன ஆண்டு நிதி காலாவதியாக மூன்று நாள் இருந்தபோது, மிச்சத் தொகையைத் தீர்ப்பதற்காகச் சான்றிதழ் பிரிவுக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் வாங்கினார்கள். பன்னிரண்டிலும் அதே கார்டு. அவற்றில் "மேற்கண்ட மனுதாரர்" என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

அன்று அவர் எந்தக் குழுவையும் கூட்டாமல் தானே ஒரு முடிவெடுத்தார்.

இருபதாம் தேதி காலை, "கொள்முதல் செய்த கருவிகளின் செயல்திறன் ஆய்வு" என்ற குறிப்பின் பேரில், மகள் சான்றிதழ் பிரிவின் முதல் மேசையில் அமர்த்தப்பட்டாள். மற்ற பதினொரு எழுத்தர்களும் அவரவர் திரையில் அதே போட்டியை நேரலையாகப் போட்டுக்கொண்டார்கள். கவுன்டருக்கு வெளியே மனுவோடு நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு கம்பிக்குள் மூக்கை நுழைத்தார்கள். "இடது பக்கம் பாரும்மா, இடது பக்கம்!" என்று குரல் கொடுத்த பெரியவர், ஒரே சான்றிதழுக்காகப் பதினான்காவது தடவையாக நடந்து வந்தவர்.

பதினொன்றரைக்கு இணை இயக்குநர் முன்னறிவிப்பின்றி ஆய்வுக்கு வந்தார். இணை இயக்குநர் கதவருகே நின்று பார்த்தார். ஓர் இருக்கைகூடக் காலியில்லை. டீ குடிக்க யாரும் எழுந்து போகவில்லை. அத்தனை கண்களும் திரையில். வெளியே பொதுமக்கள் சண்டை போடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இத்தகைய பணி ஒழுங்கை என் சேவைக்காலத்தில் கண்டதில்லை. ஏனைய பிரிவுகளும் பின்பற்றுக" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, சத்தம் செய்யாமல் போய்விட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு அணி ஜெயித்தது. மகள் நாற்காலியை விட்டுத் துள்ளி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அழுதே விட்டார். அலுவலக நேரம் என்றும் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் மனுக்களைக் கிழித்து மேலே பூவாகப் பறக்கவிட்டார்கள்.

அன்று ஒரு கோப்பும் நகரவில்லை. அதைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை.

மறுநாள் கவுன்டர் திறப்பதற்கு முன்பே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முதல் ஆளாக நின்றவர் அந்தப் பெரியவர்தான். ராத்திரி முழுக்க மனசாட்சி உறுத்தியதாலோ என்னவோ, எழுத்தர் அவருடைய சான்றிதழைக் கையெழுத்து, முத்திரை எல்லாம் முடித்துத் தயாராக வைத்திருந்தார்.

"ஐயா, உங்க சான்றிதழ் ரெடி. வாங்கிக்குங்க."

பெரியவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அது கிடக்கட்டும் சார். அடுத்த ஆட்டம் என்னிக்கு?"