சகலையின் கணினியில் மட்டும் விளம்பரம் வருவதில்லை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் பெரிய அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே கணினி நீங்கலாக அனைவரும் நலம். அங்கே கணினி உட்பட அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே யாரிடம் பேசுகிறேன் என்று உன் அக்கா வந்து நிற்பாள். இது அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம்.

சென்ற மாதம், பழைய போட்டோக்களைப் பெரிதாக்கும் ஒரு இலவசப் புரோகிராமைக் கணினியில் ஏற்றினேன். என் சகலை, அதாவது உன் சின்ன அக்காவின் வீட்டுக்காரர், தன் கல்யாண போட்டோவை முக்கால் சுவருக்குப் பெரிதாக்கி மாட்டியதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஏற்றும்போது அது கட்டம் கட்டமாக ஏதேதோ கேட்டது. குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் விண்ணப்பம் வாங்கியவன் நான், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பியவன், என் கையாலேயே காலியாக விடுவேனா? தேடல் உதவியாளர் வேண்டுமா என்றது, டிக் போட்டேன். பிரவுசரின் முதல் பக்கத்தை மாற்றலாமா என்றது, அதற்கும் போட்டேன். அப்புறம் எந்தத் தளத்துக்குப் போனாலும் அறிவிப்புகள் அனுப்ப அனுமதி உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்கள். முறையாகக் கேட்கிறவர்களை அலைக்கழிப்பது எனக்குப் பிடிக்காது. அனுமதித்தேன்.

மறுநாள் முதல் மூட்டுவலித் தைலமும் வழுக்கை மருந்தும் திரையை அடைத்துக்கொண்டு நின்றன. பெருக்கல் குறியை அமுக்கி ஒன்றை மூடினால் இரண்டு திறந்தன. திரையிலிருந்த அந்தப் புரோகிராமின் குட்டி ஐகான் படத்தை அழித்தேன், படம்தான் போயிற்று. பிரவுசரையே எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன், எல்லாம் திரும்ப வந்தன. உன் அக்கா குழந்தைகளுக்குக் கவுன் தைப்பவள், திரையில் மாதிரியைப் பார்த்துத்தான் துணி வெட்டுவாள். கை அளவு போட்டிருந்த இடத்தில் தைல பாட்டில் வந்து உட்கார்ந்ததும் கத்திரிக்கோலையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் இரண்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருகிறாள். வந்ததும் வராததுமாக, அங்கே ஒரு விளம்பரம்கூட இல்லை, திரை பளிச்சென்று இருக்கிறது என்று புகழ்ச்சி வேறு. ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அவள் கணினி முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சகலை பக்கத்தில் டீயோடு நிற்கிறார். என் கையால் ஒரு டீ குடித்திருப்பாளா என்று யோசித்தேன், நான் போட்டதில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. மௌஸை இரண்டு கையாலும் பிடிக்கிற மனுஷன் அவர். அவருக்கு முடியும் கொட்டவில்லை, விளம்பரமும் வரவில்லை. எப்படிச் சரி செய்தீர் என்று கேட்டால், "அது பாட்டுக்கு சரியாயிடுச்சு அண்ணே" என்று மழுப்புகிறார்.

ஆகவே தம்பி, எதை எங்கே நீக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பு. நானே சரி செய்தேன் என்று சொல்லி உன் அக்காவை மத்தியான நேரத்தில் வீட்டில் உட்கார வைக்க வேண்டும். வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராதிருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பெரிய அத்தான்

பின்குறிப்பு: உறையில் எழுத உன் புது முகவரி தெரியாமல் உன் அக்காவிடம் கேட்டேன். அவள் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "அவர் கம்ப்யூட்டரைச் சரி பண்ணினதே நான்தான்" என்றாள். சகலையும் அதே புரோகிராமைத்தான் ஏற்றியிருந்தாராம். மூன்று வாரத்துக்கு முன்பே நீ அவளுக்குப் போனில் சொல்லிக்கொடுத்தாயாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அப்படியானால் நம்முடையதை ஏன் விட்டு வைத்தாய் என்று அவளிடம் கேட்டேன். கோளாறு வந்த அன்று கணினியின் தலையில் நான் ஒட்டிய காகிதத்தைக் காட்டினாள். எழுத்துபூர்வமான அனுமதியின்றி யாரும் தொடக் கூடாது என்று என் கையெழுத்தில் இருந்தது. "எழுதித்தான் கொடுத்தேன். காரணம்ங்கிற கட்டம் காலியா இருக்குன்னு நீங்கதானே திருப்பிக் கொடுத்தீங்க, டிராயர்லதான் போட்டு வச்சிருக்கேன்" என்றாள். மேஜை டிராயரைத் திறந்து அந்த விண்ணப்பத்தைத் தேடினேன். இருந்தது.

காகிதத்தைக் கிழித்தேன். அவள் அந்தப் புரோகிராமைக் கணினியின் புரோகிராம் பட்டியலிலிருந்தே நீக்கினாள், பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில் குடியிருந்த இருவரைக் கிளப்பினாள், நான் நாற்பத்தொரு தளங்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றாள், முதல் பக்கத்தைப் பழையபடி வைத்தாள். நான் போட்ட டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனவே மேற்கண்டவை யாவும் ரத்து, சகலையின் முடியைப் பற்றியது நீங்கலாக.

இப்போது மணி மூன்று. உன் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். திரையைப் பார்த்துச் சிரித்தபடி துணி வெட்டுகிறாள். பக்கத்து ஸ்டூலில் ஒரு மணி நேரமாக நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி, இந்தக் கணினி அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.