சம்பவ இடத்தில் நின்ற ஒருவர்

காலை 9.10. முந்தலைத் தாண்டிப் புத்தளம் வீதியில் நான் முதலில் கண்டது தரையோடு தவழ்ந்துகொண்டிருந்த வெள்ளைப் புகை. அடுத்து, இடப்பக்கச் சில்லுகள் வீதியோர வடிகாலான கானுக்குள் இறங்கிச் சாய்ந்து நின்ற ஒரு லொறி. அதிலிருந்து உருண்டு விழுந்த, பீப்பாய் போன்ற நீல நிறப் பிளாஸ்டிக் பரல் ஒன்று வெடித்து, கானுக்குள் அமிலத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதாகக் கவனித்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது: வேறு எந்தப் பத்திரிகையின் நிருபரும் அங்கு இல்லை. நான்காவதாகக் கவனித்தது அதைவிட மகிழ்ச்சி தந்தது. என் மனைவியும் இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு விளக்கம் தேவை. என் மனைவி ஸமீஹா புத்தளத்துக்கு வெளியே உள்ள ஒரு தொழிற்சாலையில் அவசரகாலக் குழுவின் தலைவி. அமிலமோ காரமோ, உள்ளே கசிந்தாலும் வழியில் கொட்டினாலும், எங்கள் வீட்டுத் தொலைபேசி அவளுக்காக அடிக்கும். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பிராந்திய நிருபர். எனக்காகவும் அடிக்கும். உப்பளத்துப் படம் ஒன்று பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்ப முடியுமா என்று கேட்பதற்காக.

கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். என் தட்டுக்கும் அவள் தட்டுக்கும் நடுவே ஆள் புகுந்து, "ஸமீஹா, பாத்ரூம் கழுவுற அசிட் கையில பட்டா என்னத்தப் பூசுற?" என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்லி முடித்ததும் மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, "நீங்க இன்னும் அந்தப் பேப்பர்லதானா?" என்பார்கள். (ஓம், இன்னும் அந்தப் பேப்பரில்தான்.) மாமி, அதாவது ஸமீஹாவின் உம்மா, பக்கத்தில் இருந்தால் கதை அத்துடன் முடியாது. "மன்னார்ல இருந்து கைப்புள்ளயா வள்ளத்துல கொண்டு வந்த புள்ள இது. இன்டைக்கிப் பாருங்க, இவ கையக் காட்டினா லொறியே நிக்கிது" என்பார். நான் கை காட்டினால் பஸ்ஸும் நிற்பதில்லை.

ஸமீஹாவின் பெயர் அதுவரை நான்கு தடவை பத்திரிகைகளில் வந்திருந்தது. நான்கில் மிகச் சிறிய செய்தியை எழுதியவன் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தலைவி பதவியை அவளுக்கு ஆறு மாதப் பரீட்சார்த்தமாகத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு லொறிக்கு அடியில் போவாளா என்று மேலிடத்தில் சிலருக்குச் சந்தேகம். கொழும்பில் ஒருவரைத் தயாராக வைத்திருந்தார்கள். ஆறு மாதம் முடிய ஒன்பது நாட்கள் இருந்தன. அவள் அந்த நாட்களைக் கலண்டரில் வெட்டி வெட்டி வந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பின்வருவதைச் செய்தேன்.

அன்று நான் முந்தலுக்கு வந்தது ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியைப் படம் எடுக்க. சத்தம் கேட்டு ஓடி வந்தேன். லொறிச் சாரதி காயமில்லாமல் தென்னை மரத்தடியில் குந்தியிருந்தார். ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வாகனங்களை மறித்துக்கொண்டிருந்தார். பரல்களில் இருந்தது ஸமீஹாவின் தொழிற்சாலைக்குப் போகிற ஐதரோகுளோரிக் அமிலம். தொலைபேசி அடித்தது.

"நீங்க முந்தல்லதானே நிக்கிறிய?" அவள் குரலுக்குப் பின்னால் வான் வண்டி இரைந்தது. "காத்து எந்தப் பக்கத்தால வருது?"

"களப்புப் பக்கத்தால." களப்பு என்பது வீதிக்கு மேற்கே கிடக்கிற உப்பு ஏரி.

"அப்ப களப்புப் பக்கமா தள்ளி நில்லுங்க. சனத்தையும் அந்தப் பக்கம் எடுக்கச் சொல்லுங்க. ஒன்டும் ஊத்த வாணாம், ஒன்டும் போட வாணாம். நாங்க வர அரை மணித்தியாலம் ஆகும். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு."

விளங்கியது. அந்த அரை மணித்தியாலம் என்னுடையது என்று விளங்கியது.

கொழும்புக்கு அழைத்தேன். செய்தி ஆசிரியர், "முதல் பக்கம் தரலாம். சும்மா லொறி சரிஞ்சு கிடக்கிற படம் வேணாம். ஆராவது ஏதாவது செய்யிற மாதிரிப் படம் இருக்கா?" என்று கேட்டார். பதினைந்து வருடங்களில் முதல் பக்கம் என்ற சொல்லை அவர் என்னிடம் சொன்னது அன்றுதான். சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் எதுவும் செய்யவில்லை. செய்வதற்கு நான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஜௌபர் நானா ஓடி வந்தார். வீதிக்குக் கீழே களப்போரமாக இருக்கும் இறால் பண்ணைக்குப் பொறுப்பானவர் அவர்.

"தம்பி, இந்தக் கான் நேர எங்கட வாய்க்காலுக்குத்தானே வருது! இன்னும் ரெண்டு கிழமையில இறால் அள்ள இரிக்கி. என்னமாச்சும் செய்ங்க!"

"நானா, உங்கள்ட்ட சுண்ணாம்பு இரிக்கா?"

இந்தக் கேள்வி எனக்குத் தானாக வந்ததல்ல. அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும் என்று ஸமீஹா எங்கள் வீட்டுச் சோற்று மேசையில் பல தடவை சொல்லியிருக்கிறாள். அதற்குப் பின்னால் அவள் சொன்ன "ஆனா" என்பதிலிருந்து நான் கேட்பதை நிறுத்திவிடுவது வழக்கம்.

"சுண்ணாம்பு இல்லாம இறால் பண்ணையா? ஸ்டோர்ல மூலைல இரிக்கி, எடுங்க" என்றார்.

ஸ்டோர் இருட்டாக இருந்தது. மூலையில் வெள்ளைப் பை ஒன்று. அதன் மேல் கறுப்பு எழுத்தில் சுண்ணாம்பு என்று அச்சிட்டிருந்தது. நான் அச்சில் உள்ளதை நம்பிப் பிழைப்பவன். பையைத் திறந்ததும் ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரின் வாசம் வந்தது. அதைக் கவனித்தேன். கவனித்ததைக் குறித்துக்கொள்ளாமல் விட்ட ஒரே சந்தர்ப்பம் என் தொழிலில் அதுதான். ஒரு வாளி நிறைய அள்ளினேன்.

(இறால் பண்ணைக்காரர்களிடம் வெறும் பை ஒருபோதும் வீணாவதில்லை. சுண்ணாம்பு முடிந்த பைக்குள், தகரப் பீப்பாய் துருப்பிடித்துவிட்டதென்று, குளம் சுத்தம் செய்கிற குளோரின் தூளைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஜௌபர் நானாவுக்கு அது தெரியும். எந்த மூலை என்று நான் அவரிடம் கேட்கவில்லை.)

தொலைபேசியை ஜௌபர் நானாவிடம் கொடுத்து, "நான் போடக்குள்ள படம் எடுங்க, லொறியும் வரணும்" என்றேன். லொறியும் நானும் ஒரே படத்துக்குள் விழ வேண்டுமானால் நான் கிழக்குப் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. அதாவது காற்று புகையைக் கொண்டு வந்து சேர்க்கிற பக்கம். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டேன். தலையைக் கையால் வாரினேன். சார்ஜன்ட் எதையோ சிங்களத்தில் கத்தினார். பாராட்டு என்று நினைத்தேன்.

வாளியைக் கவிழ்த்தேன்.

கான் கொதித்தது. அதிலிருந்து எழுந்த புகை வெள்ளையாக இல்லை, மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. மேலே போகாமல் தரையோடு உருண்டு நேராக என்னிடம் வந்தது. மூச்சை இழுத்தேன், மூச்சுக்குப் பதிலாகக் கண்ணாடித் தூள் போனது. என் பின்னால் வேடிக்கை பார்த்த சனம் தென்னந்தோட்டத்துக்குள் சிதறி ஓடியது. "அல்லாஹ்வே, இவன் என்னத்தப் போட்டான்!" என்றது ஜௌபர் நானாவின் குரல். நானும் ஓடினேன். ஓடிய திசையில் கான் வளைகிறது என்பதை ஓடிய பிறகுதான் கண்டேன். வலது கால் முழங்கால் வரை அமிலத்துக்குள் போய் வந்தது. முதலில் குளிர்ந்தது. பிறகு குளிரவில்லை.

அப்போது வான் வந்து நின்றது. நேரம் 9.43.

மஞ்சள் உடுப்பு, முழங்கால் உயரச் சப்பாத்து, கழுத்தில் தொங்கிய முகமூடி. ஸமீஹா இறங்கியதும் முதலில் பார்த்தது காற்றை, இரண்டாவது புகையை, மூன்றாவது வாளியை, நான்காவதாக என்னை. ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"எல்லாரும் காத்துக்குக் குறுக்கால நடந்து களப்புப் பக்கமா வாங்க! ஓட வாணாம்!" அதையே சிங்களத்திலும் சொன்னாள். பிறகு ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்காமலே, "காற்சட்டையக் கழட்டுங்க" என்றாள்.

"இங்கயா?"

"இங்கதான். இப்பவே."

முந்தலின் பாதி அங்கே நின்றது. கழற்றினேன். பண்ணையின் தண்ணீர்ப் பம்பைத் திறந்து, குழாயை ஜௌபர் நானாவின் கையில் கொடுத்து, "இருபது நிமிஷம் கால்ல அடிங்க நானா. இவர் போதும்பார், நிப்பாட்ட வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜௌபர் நானா தன் இறாலுக்காகவும் சேர்த்து அடித்தார்.

நனைந்துகொண்டே அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். செய்தியாளன் கண்ணோடு பார்த்தேன் என்று எழுத ஆசை. பொறாமையோடுதான் பார்த்தேன். மணல் மூட்டைகளால் கானை இரண்டு இடத்தில் அடைக்கச் செய்தாள். வாய்க்காலுக்குள் ஒரு துளியும் போகவில்லை. மஞ்சள் புகை அடங்கும் வரை ஒருவரையும் கிட்ட விடவில்லை. உடைந்த பரலைப் பெரிய பரல் ஒன்றுக்குள் இறக்கி மூடினார்கள். பிறகுதான் அமிலத்தை முறிக்கிற தூளை, அவர்கள் கொண்டு வந்ததை, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார்கள். "ஆனா" என்பதற்குப் பின்னால் அவள் வீட்டில் சொல்லி வந்தது இதுதான் போலும். நடுவில் ஒரு தடவை திரும்பி மணிக்கூட்டைப் பார்த்து, "இன்னும் பதினொரு நிமிஷம்" என்றாள்.

10.00க்கு எங்கள் பத்திரிகையின் சிலாபத்து நிருபர் வந்தார். என்னைப் பார்த்தார். ஸமீஹாவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே படத்தில் விழுகிற இடத்தைத் தேடி நின்றார். களப்புப் பக்கம், புகை வராத இடத்தில்.

இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நான்கு பேர். பகலுக்குள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். நான்காவது ஆள் நான், ஜௌபர் நானாவின் சாரனை இடுப்பில் கட்டிக்கொண்டு.

அன்று பின்னேரம் ஸமீஹா மேசையில் அறிக்கை எழுதினாள். எதிரே நான் செய்தி எழுதினேன். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் புகைக்குக் காரணமானவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர், வயது, தொழில். அதற்கடுத்து: குழுத் தலைவியுடனான உறவு, கணவன்.

"இதப் போடத்தான் வேணுமா?"

"நடந்ததத்தானே எழுதணும்."

"இதப் பாத்தா கொழும்பு ஆள அனுப்பிடுவாங்க ஸமீஹா."

"அனுப்பட்டும். இத மறைச்சு எடுக்கிற வேல எனக்கு என்னத்துக்கு?" பேனையை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தாள். "எரியுதா?"

"கொஞ்சம்."

"நீங்க பொய் சொன்னா எனக்கு வெளங்கும்" என்று சொல்லி மருந்தை எடுக்க எழுந்து போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் நான் என் செய்தியை அனுப்பிவிட்டேன். அது ஏழு வரி. ஐந்தாவது வரி இப்படி இருந்தது: "சம்பவ இடத்தில் நின்ற ஒருவர் தவறுதலாக இட்ட தூளினால் சிறிதளவு புகை எழுந்தது."

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. அதற்கு மேலே சிலாபத்து நிருபரின் படம், அவருடைய பெயருடன். முன்னால் ஸமீஹா. பின்னால் மூலையில், கொஞ்சம் மங்கலாக, கோடு போட்ட உள்ளாடையோடு குழாய்த் தண்ணீரில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி ஓர் ஆண்.

மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுச் சத்தமாக வாசித்தார். ஐந்தாவது வரியில் நின்றார்.

"ஒருவர் என்டா ஆரு?"

ஸமீஹா தேநீர்க் கோப்பையால் படத்தின் மூலையைக் காட்டினாள். மாமி படத்தைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். "கோட்டப் பாத்தா நான் வாங்கிக் குடுத்ததாட்டம் இரிக்கி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் இல்லை. "ஒருவர் சாப்பிட்டாரா?" "ஒருவர்ட்டச் சொல்லுங்க, பாண் வாங்கிட்டு வரட்டும்." கல்யாண வீடுகளில் இப்போது என் பக்கமும் ஆட்கள் திரும்புகிறார்கள். நான் இன்னும் அந்தப் பேப்பரில்தானா என்று கேட்பதில்லை. மஞ்சள் புகை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் ஸமீஹாவுக்குக் கடிதம் வந்தது. பதவி நிரந்தரம். அறிக்கையில் ஒரு சொல்லையும் மறைக்காததைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார்கள். பை மாறிய தூள்களைப் பற்றி லொறிச் சாரதிகளுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் மாதம் ஒரு வகுப்பு எடுக்கும்படியும் கேட்டிருந்தார்கள்.

அந்த வகுப்பில் அவள் முதலில் மேசையில் விரித்து வைப்பது என்னுடைய காற்சட்டையை. வலது காலில் பதினொரு ஓட்டைகள்.