சிப்பாயின் இடுப்பு வலி

என் இடுப்பு வருஷத்தில் நான்கு மாதம் மட்டும் வலிக்கும். நவம்பர் கடைசியில் பிடிக்கும். மார்ச் கடைசியில் விட்டுவிடும். கியூபெக்கில், புரோசார்டில் வீடு வாங்கிய பதினெட்டு வருஷமாக இதில் ஒரு வாரம்கூட முன்பின் ஆனதில்லை. நகராட்சியின் பனி தள்ளும் வண்டிக்குக்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

உண்மையில் அந்த வலி என்னுடையது அல்ல. ஒரு சிப்பாயுடையது.

1968இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஓர் ஆங்கிலப் படத்துக்குப் போனேன். பட்டாளத்தை வைத்து எடுத்த சிரிப்புப் படம். கறுப்பு வெள்ளை. ஊரெல்லாம் ஓடித் தேய்ந்த பிரிண்ட். பாலைவனத்தில் நடக்கிற காட்சியிலும் கோடு கோடாக மழை பெய்தது. அதில் ஒரு சிப்பாய், பதுங்குகுழி வெட்டச் சொன்னதும் இடுப்பைப் பிடித்துக்கொள்வான். வலது கை இடுப்பில். இடது கை சுவரில். ஒரு கண்ணை மட்டும் இறுக மூடி, மூச்சை உள்ளே இழுத்து ஒரு முனகல். அவ்வளவுதான். மற்றவர்கள் குழி வெட்டுவார்கள். அவன் கூடாரத்தில் படுத்துப் பத்திரிகை படிப்பான்.

நான் பார்த்தது பாதிப் படம். இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனேன். பக்கத்தில் விடுதிக் காப்பாளரும் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். என்னை விடுதிக்கு விரட்டிவிட்டு மீதிப் படத்தை அவர் மட்டும் பார்த்தார். எனக்கு வருத்தமில்லை. ஓர் ஆயுளுக்குப் போதுமான கல்வி பாதியிலேயே கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இந்த வீட்டில் முதல் பனி விழுந்த அன்று என் மனைவி லோகநாயகி பனி அள்ளும் ஷவலை என் கையில் கொடுத்தாள். வலது கையை இடுப்பில் வைத்தேன். இடது கையைச் சுவரில் ஊன்றினேன். வலது கண்ணை மூடி முனகினேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"சொல்ல முடியல."

"அய்யோ பாவம். படுத்துக்கோங்க."

ஷவலை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். வெற்றி இவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

மறுநாள் வைத்தியம் ஆரம்பித்தது. மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலில் ஒரு பலகையைப் போட்டாள். மூன்று வேளையும் கொள்ளுக் கஞ்சி. எண்ணெயில் பொரித்தது எல்லாம் வாயு. வாயு இடுப்புக்கு ஆகாது. ஆட்டுக்கறி சூடு. சூடும் ஆகாது. கஞ்சியைக் குடித்தேன். போர் என்றால் சேதம் இருக்கத்தான் செய்யும்.

பனியைப் பக்கத்து வீட்டு அருமைராசா தள்ளினார். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் வந்த அதே வருஷம் குடிவந்தவர். அவரிடம் பனி தள்ளும் மெஷின் இருந்தது. தன் வாசலை முடித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வருவார். இப்படியும் ஒரு மனிதரா என்று ஜன்னல் வழியே பார்த்து வியப்பேன். அவரிடம் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊதுவார். கோடையில் இளைத்துவிடுவார்.

"குளிர்ல எல்லாருக்கும் உடம்பு போடும்" என்றாள் லோகநாயகி.

"எனக்குப் போடலையே?"

"உங்களுக்குத்தான் இடுப்பு சரியில்லையே."

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முதல் பெரிய பனி. நான் சோபாவில் வெந்நீர்ப் பையோடு கிடந்தேன். அருமைராசா வேலையை முடித்து, காலணியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு டிவிடி.

"அண்ணை, முந்தநாள் புவாண்ட்-கிளேரில வேலை முடிஞ்சு வரேக்க கடையில பாத்தனான். பழைய ஆமிப் படம், சரியான பகிடியாம். ஒரு கீறல் இல்லாமல் திருத்திப் புதுசா விட்டிருக்கிறாங்கள். உங்கட பெரிய டிவியில பாப்பம் எண்டு வாங்கினனான்."

உறையைப் பார்த்தேன். ஒரு சிப்பாய். வலது கை இடுப்பில். ஒரு கண் மூடியிருந்தது. முப்பத்தாறு வருஷம் கழித்து ஆசான் வீடு தேடி வந்துவிட்டான்.

"நல்ல படமா தம்பி?" என்று சமையலறையிலிருந்து வந்தாள் லோகநாயகி.

"ஓம் அக்கா. வயிறு நோகச் சிரிக்கலாமாம்."

"அப்ப இருங்க, வடை போடறேன். சாப்பிட்டுக்கிட்டே பார்க்கலாம்."

எனக்குக் கிடைத்தது அரைமணி நேரம். அருமைராசா மெஷினை வீட்டில் விட்டுவர எழுந்து போனார். நான் தவழ்ந்து டிவிக்குப் பின்னால் போய், கண்ணில் பட்ட முதல் ஒயரைப் பிடுங்கினேன்.

"என்னங்க அங்க?"

"ரிமோட் விழுந்துருச்சு."

"ரிமோட் சோபாவுல இருக்கே?"

"அப்ப சரி."

"குனிஞ்சா போனீங்க?"

"முட்டி போட்டு."

"முட்டி நல்லாருக்கா?"

"முட்டிக்கு ஒண்ணுமில்ல."

"சந்தோஷம். வரும்போது அந்த மஞ்சள் ஒயரைச் சொருகிட்டு வந்துடுங்க."

சொருகிவிட்டு வந்தேன்.

படம் ஆரம்பிக்கப் போகும்போது இன்னொரு யோசனை வந்தது. "பிரெஞ்சுல போடுங்க அருமைராசா" என்றேன். "கியூபெக்ல இருந்துக்கிட்டு எதுக்கு இங்கிலீஷ்?" வசனம் புரியாவிட்டால் லோகநாயகி பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவாள் என்பது கணக்கு. அவள் பதினோரு வருஷமாக ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிரெஞ்சுக் குழந்தைகளை மேய்க்கிறாள் என்பது, அவள் மட்டும் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் இருவரும் ஊமைப்படம் பார்த்தோம்.

"அண்ணை, எனக்கு விளங்கேல்லை. இங்கிலீசுக்கு மாத்துவம்" என்றார் அருமைராசா.

மாற்றினார்கள்.

திருத்திய படம் பயங்கரமாக இருந்தது. மழை நின்றுவிட்டிருந்தது. சிப்பாயின் இமை மயிரை எண்ணலாம். சார்ஜன்ட் மண்வெட்டியை நீட்டினார். சிப்பாயின் கை இடுப்புக்குப் போனது. இன்னொரு கை சுவருக்கு. கண். மூச்சு. முனகல். பதினெட்டு வருஷமாக நான் நடித்ததை எனக்கு முன்பே ஒருவன் நடித்துக்கொண்டிருந்தான், என்னைவிட நன்றாக.

ஓரக்கண்ணால் லோகநாயகியைப் பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஒருவேளை தப்பித்துவிடுவேன் என்று தோன்றியது. வெந்நீர்ப் பையை மட்டும் மெதுவாகச் சோபாவுக்கு அடியில் தள்ளினேன்.

நான் முறுக்கு வாங்கப் போன இடம் வந்தது. தாண்டியது. கூடாரத்துக்குள் ஒரு கிழட்டு டாக்டர் நுழைந்தார். இவரை எனக்குத் தெரியாது.

டாக்டர் சிப்பாயின் இடுப்பை ஒரு விரலால் அழுத்தினார். முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மேலதிகாரியிடம் போகவில்லை. பரிவோடு சிரித்தார். உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதினார். மெத்தை கூடாது, பலகை. மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி. பொரித்தது கூடாது. இறைச்சி கூடாது. அவனுக்கு வரவேண்டிய சாப்பாடெல்லாம், அவனுக்குப் பதிலாகக் குழி வெட்டுகிற குண்டுச் சிப்பாய்க்கு.

தகரக் கிண்ணத்தில் கஞ்சி வந்தது. சிப்பாய் கிண்ணத்தைப் பார்த்தான். நான் என் மடியிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தேன். என்னுடையது எவர்சில்வர். மற்றபடி வித்தியாசமில்லை.

அருமைராசா விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ அக்கா, உந்தக் குண்டனைப் பாருங்கோ! மற்றவன்ர சாப்பாட்டை இருந்து வெட்டிக்கொண்டு..."

சிரிப்பு நின்றது. கையிலிருந்த வடையைப் பார்த்தார். ஜன்னல் வழியே, தான் தள்ளிய எங்கள் வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வடையை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தார்.

"சாப்பிடுங்க தம்பி, ஆறிடும்" என்றாள் லோகநாயகி.

திரும்ப எடுத்துக்கொண்டார்.

 படம் முடிந்ததும் லோகநாயகியிடம் கேட்டேன்.

"இந்தப் படத்தை நீ முன்னாடியே பார்த்திருக்கியா?"

"மதுரைல. மறுபடி போட்டிருந்தாங்க. நம்ம கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி."

"பாதியா?"

"முழுசா."

"அப்ப முதல் வருஷமே உனக்கு..."

"வலிக்குதுன்னு சொன்னீங்க. புருஷன் சொன்னா நம்பணும்ல? வைத்தியம் பார்த்தேன்."

இழந்த வடைகளை நினைத்துப் பார்த்தேன். பதினெட்டுக் குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. பொரித்த மீன். மெத்தை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நேராக நின்றேன்.

"லோகா, வலி போயிடுச்சு."

"நிஜமாவா?"

"சுத்தமா."

"இத்தனை வருஷக் கஞ்சி வீண் போகுமா?"

வடைத் தட்டை நோக்கிக் கை நீட்டினேன். தட்டு ஒரு முழம் நகர்ந்தது.

"பனி வண்டி வந்து ரோட்டுப் பனியைத் தள்ளித் திரும்பவும் வாசலை அடைச்சுட்டுப் போயிருக்கு. தம்பி பாவம், ஒரு தடவை தள்ளிட்டாரு. ஷவல் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு. முடிச்சுட்டு வாங்க, சூடாப் போட்டுத் தரேன்."

ஷவல் அன்று வைத்த இடத்திலேயே இருந்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

வாசலை மறித்து முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு. பனி என்றுதான் பெயர், அள்ளினால் ஈரச் சிமெண்ட். முதல் மூன்று அள்ளல் நன்றாகவே போனது. நான்காவதில், துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இடுப்பில் ஏதோ பிடித்தது. நிமிர முடியவில்லை. என் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. இடது கை காரைப் பிடித்தது. நான் எதையும் செய்யவில்லை, சத்தியமாக. வலது கண் தானாக மூடிக்கொண்டது. முனகலும் தானாக வந்தது.

ஜன்னல் திறந்தது. இருவரும் நின்றார்கள். அருமைராசா மென்றுகொண்டிருந்தார்.

"லோகா! நிஜமாவே பிடிச்சுக்கிச்சு!"

"அக்கா, அண்ணைக்கு உண்மையா நோகுது போல கிடக்கு."

லோகநாயகி என்னைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்" என்றாள், ஜன்னலைச் சாத்தியபடி. "அவன் மூடுறது இடது கண்ணுங்க."